டயர் சேஞ்சர், வீல் பேலன்சர் மெஷின்கள்: புதிதாகக் கற்பவர்களுக்கு

டயர் கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீலின் உலோகப் பகுதியான ரிம்மிலிருந்து டயரைக் கழற்றி மாட்டுவது டயர் சேஞ்சர்; சுழலும் வீலில் எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது வீல் பேலன்சர். பல கார்களில் வரும் 185/65 ஆர்15 டியூப்லெஸ் டயரையும் அலாய் வீலையும் உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

கழற்றுதல்

வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்குங்கள். வீலின் எடையைச் சமன்செய்ய ரிம்மில் வைத்திருக்கும் பழைய பேலன்சிங் வெயிட்டுகளையும் இப்போதே எடுத்துவிடுங்கள்.

அடுத்து பீட் பிரிக்க வேண்டும். ரிம்மில் உட்காரும் டயரின் தடித்த விளிம்புதான் பீட். மெஷின் பக்கவாட்டில் உள்ள அகலமான தகடு, ரிம் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி டயர் மேல் பட வேண்டும். ரிம்மில் பட்டால் அலாய் வளைந்துவிடும். வால்வுக்கு நேராக அமுக்காதீர்கள், உள்ளே காற்றழுத்த சென்சார் இருக்கலாம். இரண்டு பக்கமும் பிரித்ததும் வீலை மெஷினின் சுழலும் மேசையில் ஏற்றி, பிளாஸ்டிக் கவசம் மாட்டிய கிளாம்பால் வெளிப்பக்கமாகப் பிடியுங்கள்.

ரிம்மின் உள்ளே நடுவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். அது எந்த விளிம்புக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கம் மேலே இருக்கட்டும். பீட்டை ரிம்முக்கு வெளியே எடுக்க உதவும் மெஷின் கையின் நுனியான ஹெட்டை இறக்கி, ரிம்முக்கும் அதற்கும் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பூட்டுங்கள். பீட்டில் டயர் சோப்புப் பேஸ்ட் தாராளமாகத் தடவுங்கள். கிரீஸும் ஆயிலும் ரப்பரைக் கெடுக்கும், வேண்டாம்.

இந்த வேலையின் சூட்சுமமே அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. பீட்டுக்குள் இருப்பது இரும்புக் கம்பி, அது இழுபடாது. ஹெட் இருக்கும் இடத்தில் லீவரால் பீட்டைத் தூக்கும்போது, நேர் எதிர்ப்பக்கம் பீட் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தால்தான் இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும். லீவர் கனமாக இருந்தால் உடனே நிறுத்துங்கள். மீறி மேசையைச் சுற்றினால் கம்பி அறும். வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் அந்த டயர் அதோடு போச்சு.

மாட்டுதல்

புது வால்வு போட்டுவிடுங்கள். டயரில் சுழலும் திசைக்கான அம்புக்குறியோ ‘அவுட்சைட்’ என்ற எழுத்தோ இருந்தால் அதன்படி வையுங்கள். முதலில் கீழ் பீட், அப்புறம் மேல் பீட். ஏற்கெனவே உள்ளே போன பகுதியைப் பள்ளத்துக்குள் அமுக்கிக்கொண்டே மேசையைச் சுற்றுங்கள்.

காற்று அடிக்கும்போது டயர் மேல் குனியாதீர்கள். ‘டப்’பென்று இரண்டு பீட்டும் உட்காரும். 40 பிஎஸ்ஐ வரை போயும் உட்காரவில்லையா? மேலே ஏற்றாமல் காற்றை இறக்கி, பேஸ்ட் தடவி மறுபடி முயலுங்கள். பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி உட்கார வைப்பதைச் சிலர் திறமை என்று காட்டுவார்கள். தயவுசெய்து அதைக் கற்றுக்கொள்ளாதீர்கள். உயிர் போகிற வேலை அது. பீட் உட்கார்ந்ததும் கார் கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றைச் சரிசெய்யுங்கள்.

பேலன்சிங்

டயர் இடுக்கில் உள்ள கற்கள், ரிம்முக்குள் ஒட்டிய சேறு எல்லாவற்றையும் எடுங்கள். வீலின் நடு ஓட்டைக்குப் பொருந்தும் கூம்பு வடிவக் கோனைப் போட்டு வீலை பேலன்சரின் ஷாஃப்டில் ஏற்றி, மெதுவாகச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள்.

மெஷினுக்கு மூன்று அளவுகள் தர வேண்டும்: மெஷினிலிருந்து ரிம் வரை உள்ள தூரம், ரிம் விட்டம், ரிம் அகலம். விட்டம் 15 அங்குலம், ‘ஆர்15’-இல் உள்ள எண் அதுதான். அகலத்துக்குப் பலர் 185-ஐப் பார்த்துக் குழம்புகிறார்கள். அது டயரின் அகலம், மில்லிமீட்டரில். ரிம் அகலத்தைக் காலிப்பர் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

அலாய்க்கு ஒட்டும் வெயிட், எனவே அதற்கான மோடைத் தேர்ந்தெடுத்து, மூடியை இறக்கிச் சுழல விடுங்கள். உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டுக்கும் எத்தனை கிராம் வெயிட் வேண்டும் என்று காட்டும். விளக்குகள் எல்லாம் எரியும் வரை கையால் திருப்பி, மெஷின் காட்டும் இடத்தில் ரிம்மைத் துடைத்து வெயிட்டை ஒட்டுங்கள். மறுபடி சுழற்றினால் 0 வர வேண்டும்.

0 வந்ததும் நட்டைத் தளர்த்தி, வீலை ஷாஃப்டில் அரைச் சுற்று திருப்பி இறுக்கி இன்னொரு முறை சுழற்றுங்கள். 10 கிராமுக்கு மேல் காட்டினால் வீல் நடுவில் உட்காரவில்லை. கோனைத் துடைத்து முதலிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அதுவரை ஒட்டிய வெயிட் எல்லாமே தப்பான இடத்தில் இருக்கிறது. 60, 70 கிராம் கேட்டால் வெயிட்டை அடுக்காமல், காற்றை இறக்கி டயரை ரிம்மில் அரைச் சுற்று திருப்பிப் பாருங்கள்; பெரும்பாலும் குறையும்.

எல்லாம் சரியாக இருந்தும் வண்டி 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் அதிர்ந்தால், வீல் உட்காரும் ஹப் முகத்தில் துரு இருக்கிறதா, மெஷினில் சுழலும்போது ரிம் விளிம்பு ஆடுகிறதா என்று பாருங்கள்.