1,500 கட்டுரைகளைச் சலிப்பது எப்படி? ஏ.எஸ்.ரிவியூ முதல் பாடம்

தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் குருதிச்சோகை பற்றி இதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தேடினால் 1,500 தலைப்புகள் வந்து விழும். வேண்டியது 40 கூடத் தேறாது. ஹட்டனில் மழை இரவுகளில் அப்படி ஒவ்வொன்றாக வாசித்திருக்கிறேன். 300ஐத் தாண்டினால் கண் ஓடும், மனம் நின்றுவிடும்.

ஏ.எஸ்.ரிவியூ இதற்கு உதவும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் உருவான இலவச மென்பொருள் அது. நீங்கள் 'வேண்டும்', 'வேண்டாம்' என்று சொல்லச் சொல்ல, தலைப்பிலும் சுருக்கத்திலும் உள்ள சொற்களைக் கற்றுக்கொண்டு, வேண்டியதுபோல் தெரிவதை முன்னுக்குக் கொண்டுவரும். முடிவு உங்களுடையதுதான்.

முதலில் தேடல். தேயிலைத் தோட்டத்தை இலங்கைக் கட்டுரைகள் 'எஸ்டேட் செக்டர்' என்று எழுதும், அசாம் கட்டுரைகள் 'டீ கார்டன்' என்னும், வேறு சில 'பிளான்டேஷன்' என்னும். மூன்றையும் போட்டுத் தேடுங்கள்.

கிடைத்ததை, கட்டுரை விவரங்களைச் சேர்த்துவைக்கும் ஸோட்டெரோ என்ற மென்பொருளில் ஏற்றி, இரட்டிப்பாக வந்தவற்றை ஒன்றாக்குங்கள். பழைய கட்டுரைகள் பலவற்றுக்குத் தலைப்பு மட்டுமே இருக்கும். சுருக்கம் இல்லாவிட்டால் இயந்திரத்துக்குக் கற்க ஒன்றுமில்லை, அவை அடியில் தங்கிவிடும். முடிந்தவரை கையால் நிரப்புங்கள். சரி, இப்போது ஆர்.ஐ.எஸ். (கட்டுரை விவரங்களை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் வடிவம்) கோப்பாகச் சேமியுங்கள்.

பைத்தான் என்ற நிரல்மொழியை நிறுவி, அதனோடு வரும் பிப் என்ற நிறுவல் கட்டளையால் ஏ.எஸ்.ரிவியூவை இறக்குங்கள். உலாவியில் திறந்தாலும் அது உங்கள் கணினியிலேயே ஓடுகிறது. நிறுவிய பிறகு கவரேஜ் போனாலும் வேலை நிற்காது.

அடுத்தது மாதிரி கொடுப்பது. அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வேண்டியதில் ஒன்று, வேண்டாததில் ஒன்று இருந்தாலே தொடங்கலாம். ஆனால் முதல் தடவை நான் கொடுத்த மாதிரிகள் எல்லாம் நம் இலங்கைக் கட்டுரைகள். அசாம் கட்டுரைகள் வரிசையின் அடிக்குப் போய்விட்டன. நாள்கணக்கில் உட்கார்ந்த பிறகுதான் ஒன்று தலைகாட்டியது. 'டீ கார்டன்' கட்டுரை ஒன்றையும் சேர்த்தே கொடுங்கள். ரப்பர் தோட்டக் கட்டுரை ஒன்றை 'வேண்டாம்' பக்கம் வையுங்கள்.

அப்புறம் வாசிப்பு. சந்தேகமானதை 'வேண்டும்' என்றே குறியுங்கள், முழுக் கட்டுரையில் பார்த்துக்கொள்ளலாம். இன்னொருவரும் தனியாகச் சலித்தால் நல்லது.

எப்போது நிறுத்துவது? தொடர்ந்து 100 'வேண்டாம்' வந்தால் நிறுத்துவது என்பதுபோல் ஒரு விதியைத் தொடங்கும் முன்பே எழுதிவையுங்கள். அந்த விதியை மட்டும் நம்பாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த நல்ல கட்டுரைகள் நாலைந்தை மாதிரியாகக் கொடுக்காமல் பட்டியலிலேயே விட்டுவையுங்கள். அவை அத்தனையும் மேலே வந்துவிட்டனவா பாருங்கள். ஒன்று வராவிட்டாலும் இன்னும் வாசியுங்கள்.

அறிக்கையில் மென்பொருளின் பதிப்பு, நிறுத்திய விதி, பார்க்காமல் விட்ட தலைப்புகளின் எண்ணிக்கை மூன்றையும் எழுதுங்கள். இத்தகைய ஆய்வுத் திரட்டுகளை அறிக்கையிடுவதற்கான வழிகாட்டியான பிரிஸ்மா 2020இன் ஓட்டப்படத்தில் தானியங்கிக் கருவிகளுக்கென்றே ஒரு வரி இருக்கிறது.