பேஸ்மென்டில் வெல்டிங்: புகை எந்த வழியாகப் போகிறது என்று முதலில் பாருங்கள்

போன குளிர்காலத்தில் பையனுக்குக் கிரிக்கெட் வலை கட்ட இரும்புச் சட்டம் செய்ய ஆரம்பித்தேன். கனடாவின் பிராம்ப்டனில் ஜனவரி மாதம் கராஜில் நின்று வேலை பார்க்க முடியாது, அதனால் மெஷினைப் பேஸ்மென்டுக்கு இறக்கினேன். ஆர்க் அடிக்க, அதாவது மின்பொறியால் வெல்டிங் செய்ய, உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். முடிந்தால் வெளியே வைத்தே அடியுங்கள். கீழேதான் முடியும் என்றால், முதலில் வீட்டுக் காப்பீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, அப்புறம் இதையெல்லாம் செய்யுங்கள்.

படி 1: இடத்தைக் காலி செய்வது

பெயின்ட், தின்னர், பெட்ரோல் கேன், மரத்தூள், அட்டைப்பெட்டி எல்லாம் மேலே போகட்டும். தீப்பொறி 11 மீட்டர் வரை போகும் என்று கணக்கு வைப்பார்கள், அவ்வளவு காலி இடம் எந்த பேஸ்மென்டிலும் இருக்காது, ஆகவே நகர்த்த முடியாததை வெல்டிங் போர்வையால் மூடுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் இரும்பைத் துடைக்கவே கூடாது. ஆர்க் பட்டால் அதிலிருந்து பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும். கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தாலே போதும்.

படி 2: வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை நிறுத்துவது

இது ஓடினால் கீழே இருக்கும் புகையை இழுத்து வீடு முழுக்க ஊதிவிடும். எங்கள் வீட்டில் மாடியில் குழந்தை தூங்கும் அறை வரை அந்த வாசனை போயிருந்தது. தெர்மோஸ்டாட்டில் ஆஃப் செய்யுங்கள், அறைக் காற்றை ஃபர்னஸுக்கு இழுக்கும் ரிட்டர்ன் கிரில் பக்கத்தில் இருந்தால் அதையும் மூடுங்கள்.

படி 3: ஃபேன்

நான் தவறியது இங்கேதான். ஜன்னலில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினேன், புகை அழகாக வெளியே போனது, சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன். இருபது நிமிடத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியது. ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழி இல்லை. அதனால் கேஸ் வாட்டர் ஹீட்டரின் புகைக்குழாய் வழியாகவே காற்று உள்ளே இறங்கி, ஹீட்டரின் புகையை அறைக்குள் தள்ளியிருக்கிறது. எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு ஓடினோம்.

இப்போது எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வைத்த பிறகுதான் ஃபேனைப் போடுகிறேன். ஹீட்டர் எரியும்போது அதன் தலையில் குழாய் தொடங்கும் இடைவெளியில் ஒரு ஊதுபத்தியைப் பிடித்துப் பார்ப்பேன். புகை இழை குழாய்க்குள் ஏற வேண்டும். என் முகத்தை நோக்கித் திரும்பினால் ஃபேனை உடனே நிறுத்திவிடுவேன். சோதனை சரியாக இருந்தாலும் வேலை முடியும்வரை ஹீட்டரை அணைத்தே வைக்கிறேன். அலாரம் இல்லாத பேஸ்மென்டில் மெஷினை ஆன் செய்யவே செய்யாதீர்கள்.

படி 4: மாஸ்க்

ஆர்க் வெளிச்சம் பட்டதும் தானே கறுக்கும் ஆட்டோ டார்க்கனிங் ஹெல்மெட்டுக்குப் பணம் சேர்ப்பவர்கள் முதலில் நுண்துகளைத் தடுக்கும் பி100 ஃபில்டர் போட்ட அரை முக மாஸ்க்கை வாங்குங்கள். வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று 2017-லேயே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. தாடி இருந்தால் மாஸ்க் முகத்தில் ஒட்டாது, ஓரத்தில் புகை நுழையும். கேஸ் இல்லாமல் அடிக்கும், உள்ளே ஃப்ளக்ஸ் தூள் அடைத்த ஃப்ளக்ஸ் கோர் வயரை நான் கீழே பயன்படுத்துவதே இல்லை, புகை அவ்வளவு. கேஸ் பாய்ச்சி அடிக்கும் மிக் மெஷின் என்றால், அதன் ஆர்கான், கார்பன் டை ஆக்சைடு இரண்டுமே காற்றைவிடக் கனம், மூச்சுவிடும் காற்றைத் தள்ளிவிட்டுத் தரையோடு தங்கும். வேலை முடிந்ததும் சிலிண்டர் வால்வை மூடிவிட்டே மேலே ஏறுங்கள்.

படி 5: முடிந்த பிறகு

ஒரு மணி நேரம் அங்கேயே இருங்கள். அமெரிக்கத் தீத்தடுப்பு விதியிலும் முன்பு அரை மணி என்றிருந்ததை 2019 பதிப்பில் ஒரு மணியாக்கினார்கள். மரச்சட்டத்தின் இடுக்கில் விழுந்த பொறி கண்ணுக்குத் தெரியாமல் கனன்றுகொண்டே இருக்கும்.

பின்சேர்க்கை: துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பை அடிக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். கீழே வேண்டாம். துத்தநாகப் பூச்சு 907 டிகிரி செல்சியஸில் ஆவியாகும், இரும்பு உருக 1,500 டிகிரி பக்கம் வேண்டும், அதனால் நீங்கள் அடிக்கும் இடத்தில் பூச்சு முழுக்கப் புகையாகிவிடும். அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல் மாதிரி நடுக்கும். வலைச் சட்டத்துக்கு நானும் கடைசியில் பூச்சில்லாத கறுப்புப் பைப்தான் வாங்கினேன்.