பிடித்த எழுத்தாளர் பேய் நாவல் எழுதினால் எப்படிப் படிப்பது

பெரம்பூர், புளியந்தோப்பு மனிதர்களையே எழுதிவந்தவர் இப்போது பேய் நாவல் எழுதியிருக்கிறார். படித்துவிட்டு, பிடித்ததா இல்லையா என்று சொல்லத் தெரியாமல் தவிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் அவருடைய பழைய நாவல்களை ஒதுக்கி வையுங்கள். அதே மாதிரி இன்னொன்று வரவில்லையே என்ற ஏமாற்றம் வேறு, இந்த நாவலின் குறை வேறு.

அப்புறம் ஒரு பென்சிலோடு இரண்டாம் தடவை படியுங்கள். நிஜமாகவே பயந்த இடத்தில் ஓரமாக ஒரு கோடு, பேய்க்கு விளக்கம் வரும் இடத்தில் ஒரு சுழி. என் பிரதியில் முதல் பாதி முழுக்கக் கோடுதான். மூடிக்கிடக்கும் மில்லின் சங்கு விடிகாலையில் ஊதுகிறது, தெருவில் ஒரு கிழவிக்கு மட்டும் அது கேட்கிறது, எழுந்து சோறு கட்டி வைக்கிறாள், ஆனால் அவள் வீட்டில் யாருமே மில்லுக்குப் போனதில்லை. அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு மனசே வரவில்லை. பின்பாதியில் மந்திரவாதி வந்து அத்தியாயம் அத்தியாயமாகப் பேசுகிறார், எல்லாம் சுழி. பேய் யார், ஏன் வந்தது, எப்படிப் போகும் என்று எல்லாமே தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன பயம்?

ஊர்க்கதையும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதே பெரம்பூர்ப் பக்கத்து பி அண்டு சி (பக்கிங்ஹாம் அண்டு கர்நாடிக்) நெசவு மில் தொழிலாளர்களை வைத்துத்தான். 1921-ல் பி அண்டு சி மில் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் வெளியே நின்றவர்களுக்கும் புளியந்தோப்பில் மோதல் வெடித்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நாவலின் பேய் அந்த வருடம் செத்தவன். எந்தப் பக்கம் நின்றவன் என்று மட்டும் நாவல் கடைசிவரை சொல்லவில்லை. எல்லாவற்றையும் விளக்குகிற புத்தகம் இந்த ஒன்றில் மௌனமாக இருப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம், அவரைவிட நன்றாக இதை எழுதக்கூடியவர் யார் இருக்கிறார்கள்?

கருத்து எழுதும்போது பிடித்த பக்கத்தின் எண்ணை முதலில் போடுங்கள், பிறகு பிடிக்காத பக்கத்தின் எண், இரண்டுக்கும் காரணம். "சூப்பர்", "மொக்கை" என்று ஒரே சொல்லில் முடித்தால் எழுதியவருக்கு ஒரு பயனும் இல்லை. பேய் யார் என்பதைத் தயவுசெய்து உடைக்காதீர்கள். ஜனவரியில் புத்தகக் காட்சியில் அவரைப் பார்த்தால் கையெழுத்து வாங்கும்போதே நேராகக் கேளுங்கள், நானும் கேட்கப்போகிறேன்: அவன் எந்தப் பக்கம் சார்?

வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்டால், அந்தக் கிழவிக்காகவே வாங்கச் சொல்லுங்கள்.