பயிற்சிக்கு பேட்டரியில் ஓடும் சின்ன பேஸ் ஆம்ப்: எப்படித் தேர்ந்தெடுப்பது?

கிட்டாருக்குச் சின்ன ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) செய்வது சுலபம். பேஸ் கிட்டாருக்குச் செய்வது கஷ்டம். அந்தக் கஷ்டம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் வாட் எண்ணைப் பார்த்து ஏமாறமாட்டீர்கள். அதனால் கடைக்குப் போவதற்கு முன் கொஞ்சம் ஒலியியல்.

நான்கு கம்பி பேஸில் ஈ கம்பியைத் திறந்தபடி மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். ஏ கம்பி 55, டி 73, ஜி 98. ஐந்து கம்பி பேஸின் பி கம்பி 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஒரே அளவு சத்தம் வேண்டும் என்றால், சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கர் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். 4 அங்குலக் கூம்பு அவ்வளவு தூரம் போகாது. மேலே தள்ளினால் கர்ர் என்று பிளிறும்.

அப்படியானால் சின்ன ஆம்பில் ஈ கம்பி எப்படிக் கேட்கிறது? கம்பி 41 ஹெர்ட்ஸை மட்டும் எழுப்புவதில்லை. 82, 124, 165 என்று அதன் மடங்குகளும் கூடவே வருகின்றன. அவற்றைக் கேட்டாலே காது அடிச்சுருதியைத் தானாக நிரப்பிக்கொள்ளும். சுரம் தெளிவாகத் தெரியும், ஆனால் நெஞ்சில் அந்த அதிர்வு இருக்காது. பயிற்சிக்கு முதலாவது போதும். இரண்டாவதை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

ஸ்பீக்கர் வடிவமைப்பில் ஹாஃப்மனின் இரும்பு விதி என்று ஒன்று உண்டு. ஆழமான பேஸ், சின்னப் பெட்டி, நல்ல சத்தம் ஆகிய மூன்றில் இரண்டுதான் ஒரே நேரத்தில் கிடைக்கும். பேட்டரி ஆம்பில் பெட்டி சின்னது என்பது முடிவான விஷயம். எனவே ஆழமா, சத்தமா என்பதுதான் உங்கள் தேர்வு.

படி 1: எங்கே, யாரோடு வாசிக்கப் போகிறீர்கள்?

ராத்திரியில் தனியாக, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் வாசிக்கத்தான் என்றால் உங்களுக்கு ஸ்பீக்கரே வேண்டாம். பேஸின் ஜாக்கிலேயே நேராகச் செருகும் ஹெட்ஃபோன் ஆம்ப் போதும். வாக்ஸ் ஆம்ப்ளக் பேஸ் இந்த வகை, இரண்டு ஏஏஏ பேட்டரியில் ஓடும். காதை முழுதாக மூடும் ஒரு சுமாரான வயர் ஹெட்ஃபோன் 41 ஹெர்ட்ஸை அலட்டாமல் கொடுக்கும். எந்த 4 அங்குல ஸ்பீக்கரும் அதற்குப் பக்கத்தில் வராது. தொடக்கநிலையில் இருப்பவர்களில் பலருக்கு இதுவே சரியான விடை. ஆம்ப் என்றால் பெட்டி என்று நினைத்துக்கொண்டு இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அறையில் தனியாக, அல்லது ஆசிரியரோடு உட்கார்ந்து வாசிக்க 3 முதல் 10 வாட். ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், மைக் இல்லாத ஒரு பாடகர் ஆகியோரோடு சேர்ந்து வாசிக்க 10 முதல் 30 வாட், அதுவும் 5 அங்குலத்துக்குக் குறையாத ஸ்பீக்கரோடு. டிரம்ஸ் செட் இருக்கும் இடத்துக்குப் பேட்டரி ஆம்பைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே வால்யூமை முழுதாகத் திருகி வைத்துத்தான் பெரும்பாலான சின்ன ஸ்பீக்கர்கள் கிழிகின்றன.

படி 2: வாட் எண்ணை எப்படிப் படிப்பது?

வாட் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 5 வாட்டுக்கும் 7 வாட்டுக்கும் நடுவே மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

அடுத்தது, அந்த எண் எந்த நிலையில் அளந்தது என்று பாருங்கள். பாஸ் நிறுவனத்தின் கட்டானா ஏர் என்ற கிட்டார் ஆம்ப் அடாப்டரில் 30 வாட், பேட்டரியில் 20 வாட் என்று அதன் தயாரிப்பாளரே பிரித்துச் சொல்கிறார். இது நேர்மையான முறை. ஒரே எண்ணை மட்டும் போட்டு, அது எதில் என்று சொல்லாத ஆம்பைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கலாம். கணக்கும் எளிது: 9 வோல்ட் கொடுத்து 4 ஓம் ஸ்பீக்கரை ஓட்டினால், உள்ளே வோல்டேஜை உயர்த்தும் சர்க்யூட் இல்லாதவரை, சுத்தமான ஒலியில் 10 வாட்டைத் தாண்ட முடியாது. 8 ஓம் என்றால் அதில் பாதி. ஆறு ஏஏ பேட்டரி போடும் பெட்டியில் 50 வாட் என்று எழுதியிருந்தால், அது கண நேர உச்சத்தைச் சொல்லும் எண்ணாக இருக்கும்.

படி 3: ஸ்பீக்கரும் பெட்டியும்

வாட்டைவிட இது முக்கியம். பார்க்க வேண்டியது கூம்புகளின் மொத்தப் பரப்பு. ரோலண்ட் மைக்ரோ கியூப் பேஸ் ஆர்எக்ஸில் நான்கு 4 அங்குல ஸ்பீக்கர்கள் இருந்தன. பிளாக்ஸ்டார் ஃப்ளை 3 பேஸில் ஒரே ஒரு 3 அங்குல ஸ்பீக்கர். இரண்டும் பேட்டரி ஆம்ப்தான். ஆனால் முதலாவது தள்ளும் காற்றின் அளவே வேறு. இரண்டாவதை ஒரு கையில் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகலாம். எது வேண்டும் என்பது படி 1இல் நீங்கள் சொன்ன பதிலைப் பொறுத்தது.

பெட்டியை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். டொக் என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. டப்டப் என்று காலி டப்பா போல ஒலித்தால், 60 முதல் 100 ஹெர்ட்ஸில் ஏதோ ஒரு சுரத்துக்கு அந்தப் பெட்டியே அதிரப்போகிறது. ஒரே அளவுள்ள இரண்டில் எடை கூடியதை எடுப்பது பெரும்பாலும் சரியாக வரும்.

படி 4: பேட்டரி

ஏஏ செல் போடுவதா, உள்ளேயே லித்தியம் பேட்டரி இருப்பதா? லித்தியம் வசதிதான், சார்ஜரைச் செருகினால் போதும். ஆனால் சில வருடங்களில் அதன் கொள்ளளவு குறையும். அப்போது அந்தப் பேட்டரியை மாற்ற வழி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். கழற்ற முடியாதபடி ஒட்டியிருந்தால் பேட்டரியின் ஆயுள்தான் ஆம்பின் ஆயுள். நெடுநாள் வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஏஏ வகையையே சிபாரிசு செய்வோம்.

எவ்வளவு நேரம் ஓடும் என்பதை நீங்களே கணக்குப் போடலாம். 2000 மில்லிஆம்பியர் மணி உள்ள ஒரு ரீசார்ஜபிள் ஏஏ செல்லில் 1.2 × 2 = 2.4 வாட்மணி. ஆறு செல்லில் 14.4. சாதாரண வால்யூமில் சின்ன ஆம்ப் சராசரியாக 2, 2.5 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஆறு மணி நேரம் வரும். சதுரமான 9 வோல்ட் பேட்டரியில் மொத்தமே 4.5 வாட்மணி அளவுதான். அதில் ஓடும் பேஸ் ஆம்பைத் தவிர்த்துவிடுங்கள். தீர்ந்துகொண்டே இருக்கும்.

ஆல்கலைன் 1.5 வோல்ட், ரீசார்ஜபிள் நிக்கல் செல் 1.2 வோல்ட்தானே, சத்தம் குறையாதா என்ற கேள்வி வரும். ஏட்டுக் கணக்கில் குறையும். நடைமுறையில், பலமாக ஒரு சுரத்தை அடிக்கும்போது ஆல்கலைனின் வோல்டேஜ் சட்டென்று சரியும், நிக்கல் செல் அதிகம் சரியாமல் நிற்கும். அதனால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. புதிய செல்லோடு பழைய செல்லையும், ஒரு வகையோடு இன்னொரு வகையையும் மட்டும் கலக்காதீர்கள். பலவீனமான செல் தலைகீழாகச் சார்ஜ் ஆகி ஒழுகிவிடும்.

படி 5: ஜாக்குகள்

பேஸ் செருகும் இன்புட் 1 மெகாஓம் அளவில் இருக்க வேண்டும். ப்ளூடூத் ஸ்பீக்கரின் ஆக்ஸ் துளையில் (போன் போன்றவற்றை வயரில் இணைக்கும் துளை) பேஸைச் செருகினால் மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்பதற்குக் காரணம் அந்தத் துளையின் குறைந்த இம்பீடன்ஸ், அதாவது ஓமில் அளக்கும் மின்எதிர்ப்பு.

ஹெட்ஃபோன் ஜாக் கட்டாயம் வேண்டும். செருகியதும் ஸ்பீக்கர் தானாக அடங்க வேண்டும். பாட்டோடு சேர்ந்து வாசிக்க ஆக்ஸ் அல்லது ப்ளூடூத் வேண்டும். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். போனிலிருந்து ஆம்புக்குப் பாட்டு ப்ளூடூத்தில் வருவதில் பிரச்சினையில்லை, ஏனென்றால் கேட்ட பிறகுதான் நீங்கள் வாசிக்கிறீர்கள். ஆம்பிலிருந்து ப்ளூடூத் ஹெட்ஃபோனுக்கு உங்கள் வாசிப்பு போவதுதான் ஆகாது. நூறு மில்லிசெகண்டுக்கு மேல் தாமதமாகும். விரல் ஒரு இடத்தில், தாளம் ஒரு இடத்தில் நிற்கும்.

அடாப்டர் ஜாக்கின் பக்கத்தில் ஒரு வட்டம், புள்ளி, கூட்டல், கழித்தல் குறிகள் கொண்ட சின்னப் படம் இருக்கும். நடுமுனை பாசிட்டிவா நெகட்டிவா என்று அது சொல்லும். வோல்டேஜ் சரியாக இருந்து முனை மாறினாலும் ஆம்ப் புகைந்துவிடலாம்.

படி 6: கடையில் சோதனை

உங்கள் பேஸையே எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் உள்ள வேறொரு பேஸில் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

1. ஆம்பைப் பேட்டரியில் ஓட விடுங்கள். அடாப்டரில் போட்டுக் காட்டினால் கழற்றச் சொல்லுங்கள்.
2. பேஸ், மிட், ட்ரெபிள் குமிழ்கள் மூன்றும் நடுவில். எஃபெக்ட் எல்லாம் ஆஃப். கெய்ன் (உள்ளே வரும் சிக்னலைக் கூட்டும் குமிழ்) பாதிக்குக் கீழே.
3. கம்பிகளைக் கையால் அணைத்துக்கொண்டு வால்யூமை ஏற்றுங்கள். உஸ்ஸ் என்ற இரைச்சல் மட்டும் லேசாக இருக்கலாம். ம்ம்ம் என்ற ஹம் இருந்தால் பேஸோடு நீங்கள் மெதுவாகத் திரும்புங்கள். திரும்பும்போது அது கூடிக் குறைந்தால் ஹம் வருவது பேஸின் பிக்கப்பிலிருந்து (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பகுதி), ஆம்பின் குற்றமில்லை.
4. வீட்டில் வாசிக்கும் வால்யூமில் ஈ கம்பியைத் திறந்து மீட்டி நான்கு எண்ணிக்கை நிற்க விடுங்கள். பிறகு ஒவ்வொரு ஃப்ரெட்டாக, அவசரப்படாமல், 12ஆம் ஃப்ரெட் வரை ஏறுங்கள்.
5. இந்த ஏற்றத்தில்தான் ஆம்பின் குணம் தெரியும். ஏதாவது ஒரே ஒரு ஃப்ரெட்டில் சுரம் திடீரென்று வீங்கினால் பெட்டியின் சொந்த அதிர்வு அது. ஒரு சுரத்தில் மட்டும் சர்சர் என்று கேட்டால் பேட்டரி மூடியை விரலால் அழுத்திப் பாருங்கள்; நின்றுவிட்டால் மூடிதான் காரணம், வீட்டில் ஒரு துண்டு ஃபோம் வைத்தால் சரியாகிவிடும். நிற்காவிட்டால் முன்பக்க வலை, கைப்பிடி என்று வரிசையாக அழுத்துங்கள். எதை அழுத்தினாலும் நிற்கவில்லையா? அந்தப் பெட்டி வேண்டாம்.
6. ஒரே பலத்தோடு ஈ, ஏ, டி, ஜி என்று நான்கு கம்பிகளையும் மீட்டுங்கள். ஜி பளிச்சென்று கேட்டு ஈ பாதியாக அமுங்கினால், இந்த ஆம்பில் பழகும்போது உங்கள் வலது கை ஈ கம்பியை மட்டும் ஓங்கி அடிக்கக் கற்றுக்கொள்ளும். பிறகு பெரிய ஆம்பில் போய் நிற்கும்போது அந்தப் பழக்கம் படுத்தும்.
7. கடைசியாக, எந்த இடத்தில் ஈ கம்பி பிளிறத் தொடங்குகிறது என்று வால்யூமை ஏற்றிப் பாருங்கள். அந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழேதான் இந்த ஆம்பின் உண்மையான உச்ச சத்தம். குமிழின் மிச்ச தூரம் உங்களுக்குப் பயன்படாது.

படி 7: வீட்டில் வைத்து ஒலியைச் சரிசெய்வது

தரையில், சுவரை ஒட்டி வைத்தால் கீழ்ச்சுரங்கள் நன்றாகக் கூடும். மூலையில் இன்னும் கூடும். காசு செலவில்லாமல் கிடைக்கும் பேஸ் இது. ஸ்டூலில், அறையின் நடுவில் வைத்தால் மெலிந்துவிடும். திறந்தவெளியில் சுவரின் உதவி இல்லாததால் அதே ஆம்ப் சோனியாகத்தான் கேட்கும். பழுது என்று நினைக்க வேண்டாம்.

பேஸ் போதவில்லை என்று தோன்றும்போது கை நேராக பேஸ் குமிழுக்குத்தான் போகும். சின்ன ஆம்பில் அதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். பேஸைக் கொஞ்சம் குறைத்து, மிட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஸ்பீக்கரால் கொடுக்க முடியாத 41 ஹெர்ட்ஸைத் திணிக்கும் சக்தி முழுவதும் வீணாகிறது. அதை மிச்சப்படுத்தி 150 முதல் 400 ஹெர்ட்ஸுக்குக் கொடுத்தால் சுரம் துலங்கும், வால்யூமும் இன்னும் ஏறும். கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் வசதி) இருந்தால் லேசாகப் போடுங்கள். அடியின் முதல் வேகம் கூம்பைத் தூக்கி எறியாமல் காக்கும்.

அடிக்கடி வரும் கோளாறுகள்

பலமாக அடிக்கும்போது மட்டும் ஒலி உடைகிறது, மெதுவாக வாசித்தால் சரி: பேட்டரி இறங்கிவிட்டது. விளக்கு எரிவதை நம்பாதீர்கள், விளக்குக்கு வேண்டிய கரண்ட் மிகக் குறைவு.

எந்த ஆம்பில் செருகினாலும் உடைகிறது: ஆக்டிவ் பேஸ் (உள்ளேயே பேட்டரியில் ஓடும் சர்க்யூட் உள்ளது) என்றால் பேஸுக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரியை மாற்றுங்கள். கேபிளைச் செருகியதும் அது ஓடத் தொடங்கிவிடும், எனவே வாசித்து முடித்ததும் கேபிளை உருவிவிட வேண்டும்.

பவர் பேங்கில் ஓட்டும்போது திடீரென்று அணைகிறது: கரண்ட் குறைவாக இழுத்தால் யாரும் செருகவில்லை என்று பவர் பேங்க் நினைத்துக்கொள்கிறது. குறைந்த கரண்ட் நிலை உள்ள பவர் பேங்க் வேண்டும்.

போன் சார்ஜில் இருக்கும்போது ஆக்ஸில் கீச்சொலி: கிரவுண்ட் லூப், அதாவது இணைத்த சாதனங்களின் கிரவுண்ட் வயர்கள் வளையமாகி இரைச்சலை உள்ளே விடுவது. போனின் சார்ஜரைக் கழற்றினால் போய்விடும்.

பேட்டரி அறையில் வெள்ளைப் பொடி: ஆல்கலைன் செல் ஒழுகியிருக்கிறது. கையுறை போட்டுச் செல்களை எடுத்துவிட்டு, வினிகர் தொட்ட பஞ்சால் ஸ்பிரிங்குகளைத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஒரு மாதம் தொடப்போவதில்லை என்றால் ஏஏ செல்களைக் கழற்றி வையுங்கள். லித்தியம் ஆம்பைப் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். மூடிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.