தொடக்கப் பள்ளி விளையாட்டு நேரம்: புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

புதிதாக வரும் ஆசிரியர்கள் சின்னப் பிள்ளைகளை மைதானத்தில் எப்படிக் கையாளுகிறார்கள் என்று ஓரமாக நின்று பார்த்துக் குறிப்பெழுதுவது இப்போது என் வேலையில் ஒரு பகுதி. ஆரம்பத்தில் நாங்கள் அடித்த அதே கூத்தை இவர்களும் அப்படியே அடிக்கிறார்கள். அதுவும் எவ்வளவு நம்பிக்கையோடு!

ஷூ லேஸைக் கட்டச் சொல்லுங்கள், தண்ணீர் குடிக்க விடுங்கள், வளையலையும் கம்மலையும் கழற்றச் சொல்லுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். உடற்கல்வியில் பட்டம் வாங்கியவர்களும் தெரியாமலே செய்கிற தவறுகள் மட்டும் இங்கே.

பேசிக்கொண்டே இருப்பது

ஆட்டத்தின் ஏழு விதிகளையும் முதலிலேயே சொல்லி முடிப்பதற்குள் ஆறு வயதுப் பிள்ளை மண்ணில் படம் போட ஆரம்பித்திருக்கும். ஒரே ஒரு விதியைச் சொல்லி ஆட்டத்தைத் தொடங்குங்கள். இரண்டு நிமிடம் கழித்து நிறுத்தி அடுத்ததைச் சேருங்கள். பேசும்போது வெயில் உங்கள் முகத்தில் அடிக்கட்டும், பிள்ளைகளின் முதுகுக்குப் போகட்டும். கண் கூசுகிற பிள்ளை காது கொடுக்காது.

நிற்க வைப்பது

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துவது இதுதான்.

ஒரு 40 நிமிட பீரியடை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் 40 பிள்ளைகள். வகுப்பறையிலிருந்து இறங்கி வந்து நிற்க 8 நிமிடம், ஆசிரியர் விளக்க 5 நிமிடம், கடைசியில் கைகால் கழுவித் திரும்ப 5 நிமிடம். மிச்சம் 22 நிமிடம். ஒரே வரிசை, ஒரே பந்து. ஒரு பிள்ளை ஓடிப்போய்ப் பந்தை உதைத்து, அதை எடுத்துவந்து அடுத்தவரிடம் கொடுக்க 20 விநாடி. 22 நிமிடத்தில் 66 முறை. 40 பேருக்கு ஆளுக்கு இரண்டு முறைகூட வராது. கெட்டிக்காரத்தனமாக இரண்டு வரிசை போட்டாலும் ஆளுக்கு மூன்று முறை, அதாவது ஒரே ஒரு நிமிடம். பாக்கி 21 நிமிடமும் அந்தப் பிள்ளை முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படியான உடலசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். அதில் பெரும்பகுதியைப் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியேதான் தேடிக்கொள்ள வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக, விளையாட்டுக்கென்றே ஒதுக்கிய பீரியடில் ஒரு நிமிடமா?

இது ஏன் யார் கண்ணிலும் படுவதில்லை? வரிசை பார்க்க அழகாக இருக்கிறது. தலைமை ஆசிரியரின் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒழுங்கான வகுப்பு. ஆனால் எட்டு வயதுப் பிள்ளை எவ்வளவு நேரம் சும்மா நிற்கும்? முன்னால் நிற்பவனைக் கிள்ளும், பின்னலை இழுக்கும், வரிசை தாண்டும். ஆசிரியர் கத்துவார். "இவர்களுக்கு ஒழுக்கம் போதாது" என்று முடிவு கட்டுவார். அடுத்த வாரம் வரிசை இன்னும் இறுகும், பிள்ளைகள் இன்னும் அதிகமாகக் கிள்ளுவார்கள். நோயையே மருந்தாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைப்பதே இல்லை.

ஒருமுறை ஓர் இளம் ஆசிரியர் பாடம் முடிந்ததும் மலர்ந்த முகத்தோடு வந்தார். "எல்லாரும் நல்லா ஈடுபட்டாங்க இல்ல சார்?" என்றார். அன்று நான் வகுப்பு முழுவதையும் பார்க்கவில்லை. வரிசையின் வால்பக்கம் நின்ற ஒரு சிறுமியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். முறை நெருங்கும்போதெல்லாம் பின்னால் நிற்கும் தோழியை முன்னே விட்டுவிட்டு அவள் பின்னுக்கு நகர்ந்துவிடுவாள். யாரோடும் சண்டை இல்லை, சத்தம் இல்லை, முகத்தில் சிரிப்பு வேறு. மணி அடிக்கும்வரை பந்து அவள் கையில் படவே இல்லை. ஆசிரியரிடம் அவளைப் பற்றிக் கேட்டேன். "நல்ல பொண்ணு சார், தொந்தரவே கிடையாது" என்றார். தொந்தரவு கொடுக்காமல் ஒதுங்கும் கலையில் கைதேர்ந்த பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்கள் ஒளிந்துகொள்ள வரிசையைப்போல் தோதான இடம் வேறில்லை. உங்கள் பாடத்தை நீங்களே சோதிக்க விரும்பினால், சக ஆசிரியர் ஒருவரை ஒரே ஒரு பிள்ளையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அது அசையும்போது ஸ்டாப்வாட்ச் ஓடட்டும், நின்றால் நிறுத்தட்டும். முடிவில் கிடைக்கும் எண்ணைப் பார்த்தால் அன்று இரவு தூக்கம் வராது.

வரிசையின் உடன்பிறப்பு 'அவுட்'. தொட்டால் அவுட், நாற்காலி கிடைக்காவிட்டால் அவுட், பந்து பட்டால் அவுட். அவுட்டானவர் ஓரமாக உட்கார வேண்டும். முதலில் யார் அவுட்டாவார்? மெதுவாக ஓடுகிறவர், பருமனான பிள்ளை, பந்தைக் கண்டு பயப்படுகிறவர். அதிகம் ஓடிப் பழக வேண்டிய பிள்ளைதான் முதல் நிமிடத்திலேயே உட்காருகிறது. நன்றாக ஓடுகிறவனோ கடைசிவரை ஓடி இன்னும் நன்றாக ஓடுகிறான். எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளையிடம் "தப்பாக வாசித்தாய், புத்தகத்தை மூடிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்" என்று எந்த ஆசிரியராவது சொல்வாரா? மைதானத்தில் மட்டும் அதைச் சொல்கிறோம், அதற்கு ஆட்டம் என்று பேரும் வைத்திருக்கிறோம். அமெரிக்காவில் நீல் வில்லியம்ஸ் என்ற உடற்கல்விப் பேராசிரியர் 1992-லேயே பள்ளியில் வைக்கவே கூடாத ஆட்டங்கள் என்று ஒரு பட்டியல் போட்டார். ஆளைப் பந்தால் அடிக்கும் ஆட்டமும் இசை நாற்காலியும் தொடர் ஓட்டமும் அதில் இருந்தன. அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானது, பெரும்பாலான பிள்ளைகள் பெரும்பாலான நேரம் சும்மா இருக்கிறார்கள் என்பதே.

மாற்றுவது கடினமில்லை. பிடிபட்டவர் எல்லைக்கோட்டருகே பத்து முறை குதித்துவிட்டு மறுபடி ஆட்டத்துக்குள் வரட்டும். அல்லது காலை அகட்டி நிற்கட்டும், தோழர் ஒருவர் கீழே நுழைந்து விடுவிக்கட்டும். இசை நாற்காலியில் நாற்காலிகளைக் குறையுங்கள், பிள்ளைகளைக் குறைக்காதீர்கள். இருக்கிற நாற்காலிகளில் எல்லாரும் எப்படியாவது தொற்றிக்கொள்ள வேண்டும் என்று விதியை மாற்றினால் சிரிப்பு இரட்டிப்பாகும். தொடர் ஓட்டத்துக்குப் பத்துப் பேர் அணி வேண்டாம், நான்கு பேர் போதும். பந்துப் பயிற்சிக்கு மூன்று பேருக்கு ஒரு பந்து. பந்து போதவில்லையா? பழைய செய்தித்தாளைக் கசக்கி டேப் சுற்றினால் எறிந்து பிடிக்கப் பந்து ரெடி. மைதானத்தை நான்கு மூலையாகப் பிரித்து ஒன்றில் மட்டும் பந்து வையுங்கள். மற்றவற்றில் ஸ்கிப்பிங் கயிறு, கோடு தாண்டுதல், ஒற்றைக் காலில் சமநிலை. நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை விசில், இடம் மாற்றம்.

இதைச் சொன்னால் புதியவர்கள் எல்லாரும் தலையாட்டுவார்கள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் மறுபடி வரிசை. கேட்டால், "பிரிச்சுவிட்டா கட்டுக்குள்ளயே வரலை சார்" என்பார்கள். பெரும்பாலும் நடந்தது இதுதான்: நிறுத்தும் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்காமலே பிள்ளைகளை அவிழ்த்துவிட்டிருப்பார்கள். ஆண்டின் முதல் இரண்டு வாரம் வேறெதுவும் வேண்டாம். விசில் ஊதினால் பந்து தரையில், கால் அசையக்கூடாது, கண் ஆசிரியர்மேல். இதையே ஓர் ஆட்டமாக்கித் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அது கைவந்துவிட்டால் 40 பேரையும் நான்கு திசையில் ஓடவிடலாம். சத்தம் இருக்கும், பார்க்கச் சந்தைபோலத்தான் இருக்கும். தலைமை ஆசிரியர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தால் ஸ்டாப்வாட்ச் கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.

இரண்டு கேப்டன்கள் ஆள் பொறுக்குவது

வேண்டவே வேண்டாம். கடைசியாக மிஞ்சுகிற பிள்ளை எல்லா வாரமும் அதே பிள்ளைதான்.

ஓட்டத்தைத் தண்டனையாக்குவது

"பேசினாயா? மைதானத்தை மூன்று சுற்று ஓடு." ஓட்டம் என்றால் அவமானம் என்று ஏழு வயதில் படிந்துவிட்டால் பிறகு அதைக் கழுவுவது கடினம். ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் நகரில் 2012-ல் ஒரு தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர் 'டெய்லி மைல்' என்ற பழக்கத்தைத் தொடங்கினார். தினமும் 15 நிமிடம், பிள்ளைகள் போட்டிருக்கும் உடையிலேயே, அவரவர் வேகத்தில் ஓடலாம் அல்லது வேகமாக நடக்கலாம். யாரும் முதலில்லை, யாரும் கடைசியில்லை. அது பல நாடுகளுக்குப் பரவியது. நாமோ அதே ஓட்டத்தைப் பிரம்புக்குப் பதிலாகப் பயன்படுத்துகிறோம்.

இதன் மறுபக்கம், கணக்கு முடிக்காதவனை விளையாட்டு நேரத்தில் வகுப்பில் உட்கார வைப்பது. இதைச் செய்பவர் பெரும்பாலும் வகுப்பாசிரியர், உடந்தை நாம். தண்டனைக்காகவோ பாடத்துக்காகவோ இடைவேளை விளையாட்டைப் பறிக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2013-லேயே அறிக்கை விட்டிருக்கிறது. இருப்புக்கொள்ளாமல் நெளிந்ததால்தான் அவன் கணக்கை முடிக்கவில்லை. அவனை இன்னும் ஒரு மணி நேரம் உட்காரவைத்தால் நாளைக்கு முடித்துவிடுவானா?

பெரியவர்களின் பந்து

பெரியவர்கள் ஆடும் கால்பந்து 5-ஆம் எண் அளவு. எட்டு வயதுக்குக் கீழே 3-ஆம் எண்ணும், அதற்கு மேல் பன்னிரண்டு வரை 4-ஆம் எண்ணும் சரியாக இருக்கும். கூடைப்பந்து வளையத்தின் உயரம் பெரியவர்களுக்கு 3.05 மீட்டர், சிறுவர் ஆட்டத்தில் 2.60. டென்னிஸில் 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளுக்கு வேகம் குறைந்த பந்துதான் என்று 2012-லிருந்து விதியே வந்துவிட்டது. பெரிய வளையத்தைப் பார்த்து இடுப்பிலிருந்து தூக்கியெறியப் பழகிய பிள்ளைக்கு அந்தப் பழக்கம் பத்தாம் வகுப்புவரை போகாது. பந்து பிடிக்கப் பயப்படும் பிள்ளைக்கு முதலில் பலூன், பிறகு ஸ்பாஞ்சுப் பந்து.

கால்பந்தைத் தலையால் முட்டும் பயிற்சியும் வேண்டாம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து கால்பந்துச் சங்கங்கள் தொடக்கப் பள்ளி வயதுப் பயிற்சியிலிருந்து 2020-ல் அதை எடுத்தேவிட்டன.

ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலரை அலுவலக அலமாரியில் பூட்டி வைப்பது

அது மைதானத்தில், உங்கள் கைக்கு எட்டும் பையில் இருக்க வேண்டும்.

தலையில் அடிபட்ட பிள்ளையை "சரியாப் போச்சா?" என்று கேட்டு மறுபடி ஆடவிடுவது

எந்தப் பிள்ளையும் "சரியாப் போச்சு" என்றுதான் சொல்லும். அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. பெற்றோருக்குத் தகவல் சொல்லுங்கள். வாந்தி, மயக்கம், குழப்பம் இருந்தால் உடனே மருத்துவமனை.

ஏழு வயதில் 'திறமை'யைக் கண்டுபிடிப்பது

ஒரே வகுப்பில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் பதினோரு மாதம்கூட வித்தியாசம் இருக்கலாம். ஆறு வயதில் அது வாழ்நாளில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அந்த உயரத்தையும் பலத்தையும்தான் நாம் திறமை என்று நினைத்து அணிக்கு எடுக்கிறோம். அணிக்குள் போனவனுக்குக் கூடுதல் பயிற்சி, அதனால் உண்மையாகவே தேறிவிடுகிறான், நம் கணிப்பும் பலித்ததுபோல் ஆகிவிடுகிறது. கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லியும் சக ஆய்வாளர்களும் 1985-ல் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களைப் பார்த்தார்கள். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் கணக்குக்கு மிஞ்சி இருந்தார்கள். அங்கே வயதுப் பிரிவைக் கணக்கிடும் நாள் ஜனவரி 1, அதனால் அவர்கள்தான் தங்கள் பிரிவில் மூத்தவர்கள். ஓர் அணியை நீங்கள் தேர்ந்தெடுத்து முடித்ததும் பிறந்த தேதிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

விளையாட்டு விழாவுக்காக விளையாட்டை நிறுத்துவது

விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே அணிவகுப்புப் பயிற்சி தொடங்கிவிடும். மொத்தப் பள்ளியும் வெயிலில் கால் மாற்றி நிற்கும். விழா நாளில் இறுதிச் சுற்றுக்கு வந்த கொஞ்சம் பேர் ஓடுவார்கள், மற்றவர்கள் பந்தலில் உட்கார்ந்து கைதட்டுவார்கள். அதற்குப் பதிலாக ஆறு இடங்களில் ஆறு செயல்கள் வையுங்கள். எல்லாப் பிள்ளைகளும் குழுவாக எல்லா இடத்துக்கும் சுற்றி வரட்டும். நீளம் தாண்டுவதில் போன மாதம் தான் தாண்டிய அளவு ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டையில் இருக்கட்டும், இன்றைய அளவை அதற்குப் பக்கத்தில் எழுதட்டும். நாடா பிடிக்கவும் எழுதித் தரவும் நான்கைந்து பெற்றோர் வேண்டியிருக்கும். கேட்டால் வருவார்கள்.