சோற்றுக்கு முன்னால் போன்

திருப்பூரில் நாங்கள் இருவருமே பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். ஆர்டர் அனுப்பும் வாரத்தில் வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். அந்த அசதியில் மகளுக்குச் சோறூட்டும்போது போனைக் கையில் கொடுத்துப் பழக்கியது நான்தான். நாலு வயதில் போன் இல்லாமல் ஒரு வாய் இறங்காது என்றானது.

2 முதல் 4 வயதுக் குழந்தைகளுக்கு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லியிருக்கிறது. எங்கள் வீட்டில் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கே அதைத் தாண்டியது.

முதலில் சட்டென்று பிடுங்கிப் பார்த்தேன். ஒரே அழுகை. மூன்றாம் நாள் நானே கொடுத்துவிட்டேன். அழுதால் கிடைக்கும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது, அவ்வளவுதான் மிச்சம்.

அப்புறம் கோபியிலிருந்து அம்மா வந்தார். "வட்டலை அவ கையிலயே குடு சாமி, சிந்துனா சிந்தட்டும்" என்றார். அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய். எல்லார் போனும் அலமாரிக்குள், என்னுடையதும் சேர்த்து (எனக்குத்தான் கை பரபரத்தது). முதல் வாரம் பாதிச் சோறு தரையில் கிடந்தது. சின்ன வெங்காயத்தை மட்டும் பொறுக்கி ஓரமாக அடுக்கி வைத்தாள். யாரும் கெஞ்சவில்லை. அரை மணியில் வட்டலை எடுத்துவிடுவோம், இடையில் பிஸ்கட் கிடையாது. மூன்றாவது வாரம், "அம்மிச்சி, பசிக்குது" என்று வட்டலைத் தூக்கிக்கொண்டு அவளே அடுப்படிக்கு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி கார்ட்டூன் உண்டு. வெங்காயம் இன்னும் ஓரத்தில்தான்.