அடவு வகுப்பில் அமர்ந்து ஆட்டத்தை வரைவது எப்படி

பரதநாட்டியத்தை வரைந்து பழக மேடை நிகழ்ச்சியைவிட அடவு வகுப்புதான் சரியான இடம். அடவு என்பது ஆட்டத்தின் அடிப்படை அசைவு. ஒரே அடவை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், திரும்பத் திரும்ப ஆடுவார்கள். தவறவிட்ட நிலை அடுத்த சுற்றில் மறுபடி வரும். ஆசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு, ஆடுபவருக்கு நேர் எதிரே 10, 12 அடி தள்ளி உட்காருங்கள். ஏ3 அளவு நியூஸ்பிரிண்ட் தாள் முப்பது, கிளிப் வைத்த பலகை, சார்கோல் குச்சி அல்லது 6பி பென்சில் போதும். ரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அழிக்கிற நேரத்தில் இரண்டு அடவு போய்விடும்.

முதல் சுற்றில் கை பென்சிலைத் தொடக்கூடாது. ஆசிரியர் தாளம் தட்டும் தட்டுக்கழியின் ஓசையையும், அதோடு சொல்லும் தாளச் சொற்களான சொல்லுக்கட்டையும் கேளுங்கள். எந்தச் சொல்லில் உடல் ஒரு கணம் நிற்கிறது என்று காது கண்டுபிடித்துவிடும். அந்த ஒரு நிலையை மட்டும் இரண்டாம் சுற்றில் பாருங்கள். பார்த்ததும் தாளின் மேல் குனிந்து, 30 நொடிக்குள் நினைவிலிருந்து வரையுங்கள். ஆடும்போதே தொடர்ந்து வரைய முயன்றால் ஒரு நிலையின் கையும் இன்னொன்றின் காலும் ஒட்டிக்கொண்டு வரும்.

வரையும் வரிசை முக்கியம். கழுத்துக்குழியிலிருந்து தரைவரை நேர் செங்குத்தாக மெல்லிய தூக்குக்கோடு ஒன்று. பிறகு தோள்கோடு, இடுப்புக்கோடு. முழங்கால்களை இருபுறமும் வெளிப்பக்கம் மடக்கிப் பாதி அமர்ந்து நிற்கும் அரைமண்டியில், தூக்குக்கோடு சேர்ந்திருக்கும் இரு குதிகால்களுக்கு நடுவே விழும். நாட்டடவு என்ற அடவில் ஒரு கால் பக்கவாட்டில் நீண்டு குதிகாலைத் தரையில் ஊன்றும். ஆனால் எடை முழுவதும் மடங்கிய காலில்தான். அதனால் கோடு அந்தப் பாதத்தில் விழவேண்டும். இரண்டு கால்களுக்கும் நடுவில் போட்டால், எவ்வளவு அழகாக வரைந்தாலும் உருவம் சரிந்து விழுவதுபோலவே தெரியும்.

அரைமண்டியில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். முழங்கால் முன்னால் வந்து, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுகிறது. கால்களை வரையாமல், அவற்றுக்கு நடுவே உள்ள சாய்சதுர வெற்றிடத்தை முதலில் வரையுங்கள். தொடைகள் தாமாகவே வெளிப்பக்கம் திரும்பும்.

கை முத்திரைக்கு விரல் விரலாகப் போகவேண்டாம். மணிக்கட்டின் வளைவையும் உள்ளங்கை பார்க்கும் திசையையும் மட்டும் பிடியுங்கள். கையின் நீளம் மோவாயிலிருந்து நெற்றியின் முடிக்கோடுவரை இருக்கட்டும், பெரும்பாலோர் சிறிதாக்கிவிடுகிறார்கள். முகம், நகை, புடவை மடிப்பு எல்லாம் கடைசியில்தான்.

20 தாள் நிரம்பியதும் நல்ல நிலை ஒன்றை எடுத்து, நான்கே கோடுகளில் சுருக்குங்கள். ஜெர்மன் நடனக்காரி பலுக்காவை சார்லோட் ருடால்ஃப் எடுத்த புகைப்படங்களை வைத்து, 1926-இல் ஓவியர் காண்டின்ஸ்கி செய்தது இதைத்தான்: உடலை விட்டுவிட்டு வளைவையும் இழுவிசையையும் மட்டும் வைத்துக்கொண்டார். நம் ஊரில் இதற்கு நிகரான பாடம் சிதம்பரம் கோயிலின் கோபுர வாயில்களில் செதுக்கிய 108 கரணங்கள், அதாவது நடன நிலைகள். ஒவ்வொன்றிலும் சிற்பி ஆட்டத்தின் எந்தக் கணத்தைத் தேர்ந்தார், எடையை எந்தக் காலில் வைத்தார் என்று தூக்குக்கோடு போட்டுப் பாருங்கள். ஒரு சிற்பத்துக்குக் கால் மணி நேரமாவது கொடுங்கள்.

சார்கோல் தாள்கள் ஒன்றோடொன்று உரசிக் கலங்கிவிடும். வீடு திரும்பும் முன் இடையிடையே வெற்றுத்தாள் வைத்து, ஓரத்தில் அடவின் பெயரையும் எந்தச் சொல்லில் பிடித்த நிலை என்பதையும் எழுதிவிடுங்கள்.